அப்பா பெயரில் போலி ஃபேஸ்புக் கணக்கு: பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவர் படத்தைப் போட்டு யாரோ ஃபேஸ்புக்கில் புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். ‘என் நண்பர் சிஆர்பிஎஃப் அதிகாரி, மாற்றலாகிப் போகிறார், வீட்டுச் சாமான்களைக் குறைந்த விலைக்குத் தருகிறார்’ என்று சொல்லி, அப்பாவின் பழைய மாணவர் ஒருவரிடம் நேற்று 20,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றினோம். ஆனால் அப்பா தேடினால் அந்தக் கணக்கே தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: பாஸ்வேர்டை மாற்றியது நல்லதுதான், ஆனால் இந்த மோசடி அதனால் நிற்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்பாவின் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை. வெளியே தெரிந்த படத்தையும் நண்பர் பட்டியலையும் எடுத்து நகல் போட்டிருக்கிறார்கள். அவர் கண்ணில் படாமலிருக்க அவரை பிளாக் செய்திருப்பார்கள். சிஆர்பிஎஃப் சாமான் கதை இந்தியா முழுக்க ஓடும் பழைய கதை. கலெக்டர்கள், போலீஸ் அதிகாரிகள் பெயரில்கூட நடந்திருக்கிறது.

முதலில் பணத்தைப் பாருங்கள். பணம் இழந்த மாணவரே இப்போதே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணை (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்)க் கையில் வைத்துக்கொள்ளட்டும். பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதற்குள் தகவல் போனால்தான் வங்கியில் நிறுத்திவைக்க முடியும். ஒரு நாள் போய்விட்டதே என்று விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது போலிக் கணக்கின் லிங்க். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பெயரையும் படத்தையும் நொடியில் மாற்றிவிடலாம், ஆனால் லிங்க் சுட்டும் கணக்கின் எண் மாறாது. பிளாக் ஆகாத நண்பர் ஒருவர் போனில் அந்தப் புரொஃபைலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு லிங்கைக் காப்பி செய்யச் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து ரிப்போர்ட் அடிப்போம் என்று குரூப்பில் கிளம்புவார்கள். லிங்கையும் உரையாடலையும் சேமிக்கும்வரை அவர்களைப் பொறுக்கச் சொல்லுங்கள். கணக்கு மறைந்தால் கண்ணெதிரே இருந்த ஆதாரமும் போய்விடும். பிறகு அந்த நண்பர், ஆள்மாறாட்டம் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் செய்யட்டும். அப்பாவும் ஃபேஸ்புக் உதவி மையத்தின் ஆள்மாறாட்டப் படிவத்தில் புகார் கொடுக்கலாம். பலனில்லையென்றால் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளின்படி அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அப்பா தன் பெயரிலும் தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் ஒரு புகார் பதிவது நல்லது. ஐடி சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (ஆள்மாறாட்ட மோசடி) பிரிவுகள் இதற்குப் பொருந்தும். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு.

அப்பாவின் ஒரிஜினல் கணக்கில் நண்பர் பட்டியலை ‘ஒன்லி மீ’ என்று மாற்றி, புரொஃபைலை லாக் செய்யுங்கள். பட்டியல் கைக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த போலி ஆளுக்கு யாரிடம் பணம் கேட்பது என்றே தெரியாது. மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அப்பாவே பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடட்டும். சாரின் குரல் அவர்களுக்குத் தெரியும்.

இதைப் பொதுவில் எழுதினால், ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று சிலர் இன்பாக்ஸுக்கு வருவார்கள். அவர்கள் கேட்கும் கட்டணம் இரண்டாவது மோசடி.