பணம் கட்டியாச்சு, நெட் வரலை: பிஎஸ்எஸ் இணைப்பு பற்றி வாசகர் கேள்வி–பதில்

தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வாடிக்கையாளர் பதிவு, பிளான் விலை, ஆர்டர், பில், வசூல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்களுக்கு மொத்தமாக வணிக ஆதரவு அமைப்பு என்று பெயர். துறையில் இருப்பவர்கள் பிஎஸ்எஸ் என்பார்கள். இவற்றை ஒன்றோடொன்று இணைப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

எங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்தில் 40,000 வாடிக்கையாளர் இணைப்புகள் இருக்கின்றன. சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள்), பில்லிங் இரண்டையும் மாற்றப்போகிறோம். ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாக மென்பொருள் தரும் வெண்டர் சொல்கிறார். முதல் மாதம் எதில் கைவைப்பது?
— செயல்பாட்டு மேலாளர், மதுரை

மென்பொருளில் கைவைக்காதீர்கள். முதல் மாதம் இரண்டு பட்டியல்களுக்கு மட்டும்.

முதல் பட்டியல், எந்த சிஸ்டம் எதோடு பேசுகிறது என்பது. கூட்ட அறையில் கேட்டால் ஐந்தாறு இணைப்புதான் சொல்வார்கள். இரவுப் பணியில் இருப்பவரிடமும் வசூல் பிரிவில் இருப்பவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள், இரட்டிப்பாகும். ரேடியஸ் சர்வர் (வாடிக்கையாளர் லாகினைச் சரிபார்ப்பது), பேமென்ட் கேட்வே (ஆன்லைன் பணத்தை வாங்கித் தருவது), எல்சிஓக்களின் (உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள்) வாலட் ஆப், எஸ்எம்எஸ் கேட்வே, ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ், டேலி கணக்கு மென்பொருள் என்று வரிசையாக வரும். கடைசியில், தினமும் மாலை யாரோ ஒருவர் பில்லிங்கிலிருந்து இறக்கி, இரண்டு நெடுவரிசைகளைத் திருத்தி, வேறோர் இடத்தில் ஏற்றும் எக்செல் ஒன்று அகப்படும். அதுவும் ஓர் இணைப்புதான். கட்-ஓவர் அன்று, அதாவது பழையதை விட்டுப் புதியதுக்கு மாறும் நாளில், முதலில் அறுந்துபோவது பெரும்பாலும் அதுதான்.

ஒவ்வொரு இணைப்புக்கும் ஏழு விஷயங்களை எழுதுங்கள்: எங்கிருந்து, எங்கே, என்ன தகவல், எது நடந்தால் போகிறது, நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை சேதிகள், தோற்றால் என்ன ஆகும், யார் பொறுப்பு. ஆறாவது விஷயத்துக்கு "தெரியாது" என்று வரும் வரிகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஆறு மாதம் போதுமா என்பதை வெண்டரின் அட்டவணையைவிட அந்த வரிகளின் எண்ணிக்கைதான் சரியாகச் சொல்லும்.

இரண்டாவது பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை: எந்தத் தகவலுக்கு எந்த சிஸ்டம் முதலாளி? வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்ணுக்கு சிஆர்எம். பிளானின் விலைக்கும் வேகத்துக்கும், பிளான்களின் பட்டியலான ப்ராடக்ட் கேட்டலாக். பாக்கித் தொகைக்கு பில்லிங். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்குத்தான் சண்டை வரும். சிஆர்எம்மில் "ஆக்டிவ்", பில்லிங்கில் "சஸ்பெண்ட்", ரேடியஸில் பழைய காலாவதித் தேதி என்று மூன்றும் மூன்று பதில் சொல்லும். இதற்கு ஒரே முதலாளியைக் கையெழுத்தோடு முடிவு செய்யுங்கள். மற்றவை அதன் நகலை வாங்கிக்கொள்ளலாம், திருத்தக் கூடாது.

பணம் கட்டியவுடன் "ரவுட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றுதான் எல்லா ஹெல்ப்லைனிலும் சொல்கிறார்கள். ஏன்?
— வாசகர், திருநெல்வேலி

உங்கள் பணம் பில்லிங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நெட்வொர்க்குக்குச் சேதி போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

பிளான் முடிந்ததும் உங்கள் இணைப்பை "பணம் கட்டுங்கள்" பக்கத்துக்கு மட்டும் போகும்படி மாற்றிவைப்பார்கள். நீங்கள் கட்டியதும் பில்லிங் ரேடியஸுக்குச் சொல்லும். ரேடியஸ், உங்கள் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நெட்வொர்க் கருவிக்கு, இணைப்பின் அனுமதியை மாற்றச் சொல்லும் சிஓஏ என்ற ஆணையை அனுப்பும். இது யுடிபி என்ற இணையச் சேதி முறை வழியாக, வழக்கமாக 3799 என்ற போர்ட்டில் போகிறது. யுடிபியில் சேதி போய்ச் சேர்ந்ததா என்று அதுவாகத் தெரியாது. கருவி "சரி" என்றோ "முடியாது" என்றோ பதில் அனுப்ப வேண்டும். பதிலுக்குக் காத்திராமல் பில்லிங் "ரினியூவல் முடிந்தது" என்று எழுதிவிட்டால், சேதி வழியில் தொலைந்ததும் யாருக்கும் தெரியாது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் புதிதாக லாகின் ஆகும், அப்போது புதிய பிளான் தானாக விழும். சிஸ்டம் செய்யாத வேலையை நீங்கள் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

நிறுவனத்தார் செய்ய வேண்டியது: பதில் வராவிட்டால் சில விநாடி இடைவெளியில் மூன்று முறை திரும்ப அனுப்புவது, அப்போதும் வராவிட்டால் அந்த செஷனை (நடப்பிலுள்ள லாகினை) துண்டித்து மறு லாகினை வரவைப்பது, அதுவும் தோற்றால் ஆர்டரைத் "தோல்வி" வரிசையில் போட்டு ஆளிடம் காட்டுவது. கருவியை மாற்றியபோது அதன் ஐபி முகவரியையும் ரகசியச் சொல்லையும் ரேடியஸில் புதுப்பிக்க மறந்திருந்தால் ஒரு பகுதி முழுவதுமே இப்படி ஆகும். ஒரே ஏரியாவிலிருந்து புகார் குவிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இரண்டு வெண்டர்களும் "நாங்கள் டிஎம் ஃபோரம் ஓப்பன் ஏபிஐ தரம்" என்கிறார்கள். அப்படியென்றால் இணைப்பு வேலை குறையும்தானே?
— திட்ட ஒருங்கிணைப்பாளர், சென்னை

குறையும், மறையாது. டிஎம் ஃபோரம் என்பது தொலைத்தொடர்புத் துறையின் சங்கம், ஓப்பன் ஏபிஐ என்பது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச அது வகுத்த பொது முறை. ப்ராடக்ட் கேட்டலாக்குக்கு டிஎம்எஃப்620, ஆர்டருக்கு டிஎம்எஃப்622, வாடிக்கையாளர் பில்லுக்கு டிஎம்எஃப்678 என்று அது தருவது பொதுவான எலும்புக்கூடு. பிளானின் வேகத்தை ஒருவர் "100" என்று அனுப்புவார், இன்னொருவர் "100 எம்பிபிஎஸ்" என்று எதிர்பார்ப்பார். இரண்டும் தரத்துக்கு உட்பட்டவைதான். ஒருவர் நான்காம் பதிப்பு, மற்றவர் ஐந்தாம் பதிப்பு என்றால் வடிவமே மாறும். ஆகவே "தரத்துக்கு உட்பட்டதா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எங்களுடைய பத்து ஆர்டர்களுக்கான மாதிரிச் சேதிகளைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். புது இணைப்பு, பிளான் ஏற்றம், இறக்கம், வீடு மாற்றம், பெயர் மாற்றம், பாதியில் ரத்து, எல்லாவற்றுக்கும் வேண்டும். பாதியில் ரத்துக்குத்தான் வெண்டர்கள் தடுமாறுவார்கள்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஆர்டர் அனுப்பியதும் வரும் "201" என்ற பதிலுக்குக் கோரிக்கையை வாங்கிப் பதிந்துகொண்டோம் என்றுதான் பொருள். இணைப்பு வேலை செய்கிறது என்று பொருள் இல்லை. அது பிறகு தனி அறிவிப்பாக வரும். 201 வந்த நொடியிலேயே பில்லிங்கைத் தொடங்கும்படி அமைத்துவிட்டால், கேபிள் இழுக்கப்படாத வீட்டுக்கும் பில் போகும்.

இன்னொன்று, மறு முயற்சி. சிஆர்எம் 30 விநாடி காத்திருக்கிறது, ஆர்டர் சிஸ்டம் 34 விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். சிஆர்எம் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பும். முதல் ஆர்டரும் உள்ளே உயிரோடு இருக்கும். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பிளான், இரண்டு பில். அனுப்பும் சிஸ்டம் தன் பக்கத்து ஆர்டர் எண்ணைச் சேதியில் வைக்க வேண்டும். வாங்கும் சிஸ்டம் அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதையும் உருவாக்காமல் பழைய ஆர்டரின் நிலையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நெரிசல் நேரத்தில் மட்டுமே தலைகாட்டும் கோளாறு இது, சோதனைச் சூழலில் அகப்படாது. பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்திச் சோதியுங்கள்.

ரீசார்ஜ் பணத்துக்கும் பேலன்ஸுக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதாதா?
— கணக்குப் பிரிவு அலுவலர், கோவை

போதாது. பிரிட்டனில் வோடஃபோன் நிறுவனம் புதிய பில்லிங் அமைப்புக்கு மாறிய காலத்தில், டாப்-அப் செய்த 10,452 ப்ரீபெய்டு வாடிக்கையாளர்களுக்குப் பணம் வரவு வைக்கப்படவில்லை. 17 மாதங்களில் அவர்கள் இழந்தது மொத்தம் 1,50,000 பவுண்டு. 2016 அக்டோபரில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் இதற்காக விதித்த அபராதம் 37 லட்சம் பவுண்டு. புகார்களைக் கையாண்ட விதத்துக்குத் தனியாக 9,25,000 பவுண்டு. தொலைந்த தொகை, அந்த அளவு நிறுவனத்தின் மாத மொத்தத்தில் கண்ணுக்கே தெரியாது. மொத்தத்தோடு மொத்தத்தை ஒப்பிட்டால் இதெல்லாம் பிடிபடாது. பரிவர்த்தனை எண்ணோடு பரிவர்த்தனை எண்ணை, தினமும் ஒப்பிட வேண்டும்.

மூன்று கோப்புகள் வேண்டும்: எந்தப் பணம் வந்தது என்று சொல்லும் பேமென்ட் கேட்வேயின் செட்டில்மென்ட் கோப்பு, ரீசார்ஜ் சிஸ்டத்தின் பதிவு, பேலன்ஸ் வைத்திருக்கும் சார்ஜிங் சிஸ்டத்தின் லெட்ஜர். முதல் இரண்டிலும் இருந்து மூன்றாவதில் இல்லையென்றால் வாடிக்கையாளர் பணம் போய்விட்டது என்று பொருள். அன்றே வரவு வையுங்கள் அல்லது திருப்பிக் கொடுங்கள். மூன்றாவதில் மட்டும் இருந்தால் உங்கள் பணம் போகிறது. இரவு 11.59க்குத் தொடங்கி 12.00க்கு முடிந்தவை இரண்டு தேதிகளில் விழுந்து தினமும் பொய் அலாரம் கொடுக்கும். அதனால் ஒத்துப்போகாதவற்றை ஒருநாள் நிறுத்திவைத்து மறுநாள் கோப்போடு பாருங்கள். இரண்டாம் நாளும் தனியாக நிற்பதுதான் உண்மையான கோளாறு.

பழைய பில்லிங்கையும் புதியதையும் எத்தனை நாள் சேர்த்து ஓட்டுவது? வித்தியாசம் எவ்வளவு இருந்தால் விட்டுவிடலாம்?
— பில்லிங் மேற்பார்வையாளர், சேலம்

குறைந்தது இரண்டு முழு பில் சுழற்சி. அதில் ஒன்று 31 நாள் மாதமாக இருக்கட்டும். காரணத்தைக் கணக்கிலேயே பாருங்கள். மாதம் 799 ரூபாய் பிளானில் ஒருவர் ஜூன் 16 அன்று சேர்ந்தால் 15 நாளுக்கு ரூ.399.50. பழைய சிஸ்டம் எப்போதும் 30ஆல் வகுத்தாலும், புதியது மாதத்தின் உண்மை நாட்களால் வகுத்தாலும் விடை ஒன்றே, வித்தியாசம் ஒளிந்துகொள்ளும். ஜூலை 16 அன்று சேர்ந்தால் 16 நாள். 30ஆல் வகுத்தால் ரூ.426.13, 31ஆல் வகுத்தால் ரூ.412.39. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஒரு பில்லில் 16 ரூபாய்க்கு மேல் தள்ளிப்போகிறது. ஜூனில் மட்டும் சோதித்தவர் ஜூலையில் புகாரை வாங்குவார்.

ஒரு பைசா வித்தியாசங்களும் வரும். பில்லில் ரூ.99.75 வீதம் மூன்று உருப்படிகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஜிஎஸ்டியைக் கணக்கிட்டு முழுமையாக்கினால் ரூ.53.88, மொத்தத்துக்குக் கணக்கிட்டால் ரூ.53.87. வாடிக்கையாளர் இதைக் கவனிக்க மாட்டார், ஆனால் பொதுப் பேரேட்டில் தினமும் ஒரு தொங்கல் நிற்கும்.

எவ்வளவு விடலாம் என்பதற்குத் தொகையை அளவுகோலாக வைக்காதீர்கள், காரணத்தை வையுங்கள். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு காரணப் பெயர் கொடுங்கள்: நாள் கணக்கு, முழுமையாக்கல், காலாவதியான சலுகை, வரி, தரவுப் பிழை. காரணம் தெரிந்த பத்து ரூபாயை விட்டுவிடலாம். காரணம் தெரியாத ஒரு ரூபாயை விடக் கூடாது.

மொபைல் நிறுவனத்தில் கட்-ஓவருக்கு முன் எல்லா ஆர்டரையும் முடித்துவிட்டு மாறுவதுதானே சுத்தம்?
— மென்பொருள் சோதனையாளர், பெங்களூரு

காகிதத்தில் சுத்தம்தான். எண் மாறாமல் நிறுவனம் மாறும் போர்ட்டிங் ஆர்டர்களை நீங்கள் நிறுத்தி வைக்க முடியாது. 2019 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, ஒரே சேவைப் பகுதிக்குள் 3 வேலை நாள், வேறு பகுதிக்கோ கார்ப்பரேட் எண்ணுக்கோ 5 வேலை நாள். நிறுவனம் மாற வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் யுபிசி குறியீடு பெரும்பாலான பகுதிகளில் 4 நாள் செல்லும். ஆகவே எந்த நாளைக் குறித்தாலும் பாதி வழியில் சில ஆயிரம் ஆர்டர்கள் நிற்கும்.

செய்யக்கூடியது: புதிய பிளான் அறிமுகத்தையும் கேட்டலாக் மாற்றத்தையும் மூன்று வாரம் முன்பே பூட்டுங்கள். கார்ப்பரேட் மொத்த ஆர்டர்களைத் தள்ளிவையுங்கள். போர்ட்டிங்கைப் பொறுத்தவரை, பழைய சிஸ்டத்தில் பிறந்த ஆர்டர் அங்கேயே முடிந்து, பிறகு புதியதுக்கு நகரட்டும். நடுவே ஒரு வழிகாட்டி அடுக்கு, ஆர்டர் எண்ணைப் பார்த்துச் சேதியை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கும். இரண்டு வாரம் அது ஓடினால் போதும், ஆனால் அதைக் கட்டவே ஒரு மாதம் ஆகும். பட்ஜெட்டில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

திரும்பிப் போகும் கடைசி நேரத்தையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். புதிய சிஸ்டத்தில் பில் ஓடி வாடிக்கையாளருக்குப் போய்விட்டால், பழையதுக்குத் திரும்புவது பெயருக்குத்தான் சாத்தியம்.

ஸ்டீரிங் கமிட்டி, ஆர்க்கிடெக்சர் கமிட்டி, சேஞ்ச் கமிட்டி என்று மூன்று இருந்தும் முடிவு வருவதில்லை. மார்க்கெட்டிங் வெள்ளி மாலை பிளான் அனுப்பி திங்கள் காலை வேண்டும் என்கிறது.
— ஐடி மேலாளர், சென்னை

கமிட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், குறைத்துவிடுங்கள். இணைப்பு சார்ந்த முடிவுகளுக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. இரண்டு வேலை நாளில் அவர் முடிவு சொல்லாவிட்டால் தானாக மேலே போகட்டும். சேதி வடிவத்தை மாற்ற வேண்டுமானால் இரு பக்கத்துக் குழுவும் கையெழுத்திட வேண்டும், பழைய பதிப்பு குறைந்தது மூன்று மாதம் கூடவே ஓட வேண்டும்.

மார்க்கெட்டிங்குக்கு இரண்டு வழி வையுங்கள். விலை, டேட்டா அளவு, நாள் இவை மட்டும் மாறும் பிளான் என்றால் கேட்டலாக்கில் படிவம் நிரப்பி இரண்டு நாளில் போகலாம். விதி புதிது என்றால் முழுச் சோதனை, குறைந்தது நான்கு வாரம். எது புதிய விதி என்பதற்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022 ஜனவரி 27 அன்று கொண்டுவந்த திருத்தம் நல்ல உதாரணம். 30 நாள் செல்லும் பிளான் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் இருக்க வேண்டும் என்றது. முதலாவது வெறும் எண் மாற்றம். இரண்டாவதில் ஜனவரி 31 அன்று ரீசார்ஜ் செய்தவருக்கு பிப்ரவரியில் 31 இல்லை. மாதத்தின் கடைசி நாளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது விதி. மார்ச்சில் 31க்குத் திரும்புவதா, 28லேயே நிற்பதா? சார்ஜிங் சிஸ்டம் ஒரு தேதியும் எஸ்எம்எஸ் நினைவூட்டல் வேறு தேதியும் சொன்னால் வாடிக்கையாளர் நடுவில் மாட்டிக்கொள்வார். தொடக்கத் தேதியைத் தனியாகச் சேமித்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கணக்கிடுங்கள். போன மாதத் தேதியோடு ஒரு மாதம் கூட்டினால் 28லேயே ஒட்டிக்கொள்ளும்.

வெண்டர் ஒப்பந்தத்தில் ஒரு வரி மாற்றினாலே பாதிச் சண்டை தீரும். "மாட்யூல் நிறுவப்பட்டதும் பணம்" என்பதை எடுத்துவிட்டு, "கை படாமல் முதலிலிருந்து கடைசிவரை முடிந்த ஆர்டர் இத்தனை சதவீதம் வந்ததும் பணம்" என்று போடுங்கள்.

புதிய சிஸ்டத்துக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. பழைய சர்வரை அணைத்துவிடலாமா?
— ஐடி அலுவலர், திருச்சி

அழைப்பு, இணையப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சர்வர் ஓட வேண்டியதில்லை, பதிவுகள் படிக்கும்படி இருக்க வேண்டும். பழைய மென்பொருளின் லைசென்ஸ் முடிந்தால் அதன் டேட்டாபேஸைத் திறக்கவே முடியாமல் போகலாம். எனவே சாதாரண அட்டவணைக் கோப்புகளாக வெளியே எடுங்கள், பில்களை பிடிஎஃப்பாகவும் வையுங்கள். பிறகு பழைய எண் ஒன்றைக் கொடுத்து, ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய பில்லையும் அழைப்புப் பட்டியலையும் அந்தக் கோப்புகளிலிருந்து மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்துத் தந்தால் அணைக்கலாம்.