'கோப்பு' என்பது 18 பைட்டா, 21 பைட்டா? டிஸ்க் இமேஜ் கேள்வி பதில்

டிஸ்க் இமேஜ் (ஒரு டிஸ்க்கின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கியது) எடுக்கும் கருவிகள் தமிழ், இமோஜி, இடைவெளி, விசித்திரக் குறிகள் உள்ள கோப்புப் பெயர்களை எப்படிக் கையாளுகின்றன, அதை எப்படிச் சோதிப்பது என்று கேளுங்கள் என்றேன். வந்த வரிசையிலேயே பதில்.

அக்கா, ஒரு கருவியைச் சோதிக்க எங்கே தொடங்குவது?

ஒரு சோதனைக் கோப்புறையை நீங்களே உருவாக்குங்கள். சாதாரண ஆங்கிலப் பெயர் ஒன்று ஒப்பிடுவதற்கு. அப்புறம் தமிழ்ப் பெயர், இமோஜி, முன்னால் கழித்தல் குறி, கடைசியில் இடைவெளி, கடைசியில் புள்ளி, நடுவில் முக்காற்புள்ளி, பெயருக்குள்ளேயே வரி முறிவு, பெரிய எழுத்து சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் ஒரு ஜோடி. லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 பெயருக்கு 255 பைட் வரை இடம் தரும், யூனிகோடை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி (யூனிகோடு தனி எண் கொடுத்த அலகு) ஒவ்வொன்றும் 3 பைட், அதனால் சரியாக 85 குறிகள் கொண்ட பெயர் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அதன் பெயரையே எழுதி வையுங்கள். பிறகு பெயர் சிதைந்து வந்தாலும், திறந்து பார்த்தால் அது எந்தக் கோப்பு என்று தெரிந்துவிடும். இது இல்லாமல் நான் பல மணி நேரம் வீணடித்திருக்கிறேன்.

இனி முக்கியமானது. 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓ'கார உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். முதல் வகையில் இந்தச் சொல் 18 பைட், இரண்டாவதில் 21. திரையில் இம்மி வித்தியாசம் இருக்காது. இரண்டையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். எக்ஸ்ட்4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டும் அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்கும். பழைய மேக் முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் சேமிக்கும். புதிய மேக் முறையான ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொண்டாலும் இரண்டையும் ஒரே பெயராகவே கருதும். ஒரு முறை இப்படி இரண்டு வடிவமும் கலந்த ஒரு தொகுப்பை இமேஜிலிருந்து மேக்குக்கு நகல் எடுத்தேன். பிழைச்செய்தி எதுவும் இல்லை. எண்ணிப் பார்த்தால் கோப்புகள் குறைந்திருந்தன, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: திரையை நம்பாதீர்கள், பைட்டைப் பாருங்கள்.

டிடி கட்டளையால் பென்டிரைவை அப்படியே இமேஜ் எடுக்கிறேன். இந்தச் சோதனை வேண்டுமா?

எடுக்கும்போது வேண்டாம். டிடி பெயர்களைப் பார்ப்பதே இல்லை, பைட்டுகளை வரிசையாக நகலெடுக்கும், அவ்வளவுதான். அந்த இமேஜை மவுண்ட் செய்யும்போது, அதாவது டிஸ்க் போல இணைத்துத் திறக்கும்போது, வேண்டும்.

ஐஎஸ்ஓவை (சிடி, டிவிடி வகை இமேஜ்) திறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறது. போச்சா?

பதறாதீர்கள். என்ன தெரிகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். வெற்றுக் கட்டங்கள் என்றால் எழுத்துரு இல்லை, பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ' மூன்று குறிகளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன் எழுத்தாகப் படிக்கிறார்கள், இதுவும் மீளக்கூடியது. கேள்விக்குறி என்றால்தான் விசாரிக்க வேண்டும். இமேஜ் உருவாகும்போதே மாறியதா, மவுண்ட் செய்யும்போது மாறியதா? லினக்ஸில் பெயர்களை எந்தக் குறியாக்கத்தில் காட்டுவது என்று சொல்லும் ஐஓகேர்செட் தெரிவின் மதிப்பை யூடிஎஃப்8 என்று கொடுத்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். பெயர் வந்துவிட்டால் இமேஜ் நலம்.

ஒரே ஐஎஸ்ஓவுக்குள் பெயர்கள் மூன்று இடங்களில் இருக்கலாம்: 1988இன் ஐஎஸ்ஓ 9660, யூனிக்ஸ் பக்கத்து ராக் ரிட்ஜ், மைக்ரோசாஃப்டின் ஜோலியட். லினக்ஸ் ராக் ரிட்ஜை முதலில் எடுக்கும், விண்டோஸ் ஜோலியட்டை எடுக்கும். லினக்ஸில் சரியாக இருந்தது என்று அனுப்பி, விண்டோஸில் அது சிதைந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். லினக்ஸிலேயே ராக் ரிட்ஜை விலக்கும் நோராக் என்ற தெரிவோடு மவுண்ட் செய்தால் ஜோலியட் பெயர்களைப் பார்க்கலாம்.

நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது.

ஜோலியட்டின் வரம்பு 64 குறிகள். எழுத்துகள் அல்ல, குறிகள். 'தொழில்நுட்பம்' கண்ணுக்கு 7 எழுத்து, உள்ளே 13 குறி. அது குறிக்கு 2 பைட் மட்டுமே தரும் யூசிஎஸ்-2 என்பதால் இமோஜிக்கும் முறையான இடமில்லை, உங்கள் கருவி அதை என்ன செய்கிறது என்று சோதித்தே பாருங்கள்.

எனக்கும் ???? என்றுதான் வருகிறது மேடம்.

இரண்டு கேள்விக்கு முன்னால் பாருங்கள்.

இமேஜ் கருவியே எல்லாப் பெயரையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

கூடவே கூடாது. 18 பைட், 21 பைட் இரண்டும் ஒரே கோப்புறையில் இருந்தால் மாற்றிய பிறகு ஒன்றுக்குத்தான் இடம், மற்றது எங்கே போகும்? பெயரைச் சுட்டும் இணைப்புகளும், பெயர்வாரியான சரிபார்ப்புப் பட்டியல்களும் சேர்ந்தே உடையும். கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருப்பதுதான் இமேஜ் கருவியின் வேலை.

(அதே நண்பர்) அப்படியே வைத்து என்ன பயன்? நான் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்கவில்லையே. பயனருக்குக் கிடைக்காத கோப்பு தொலைந்த கோப்புதானே?

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தேடும் கருவியின் பொறுப்பு. தேடும்போது இரு பக்கமும் ஒரே வடிவமாக்கி ஒப்பிடட்டும், சேமித்ததைத் தொட வேண்டாம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், பெயரின் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் தெரிவு தருவதுபோல, கேட்டால் மட்டும் மாற்றுவது சரி. கேட்காமல் மாற்றுவது தவறு.

இன்னொருவர்: நான் அவர் பக்கம். ஒருமுகப்படுத்தினால் எல்லாம் தீரும்.

தீராது. 'ஸ்ரீ'யை எடுங்கள். அதை ஸகரத்தாலும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் எந்த ஒருமுகப்படுத்தலும் அவற்றை ஒன்றாக்காது. 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ'வும் 'ள'வும் தட்டியவர்கள் கதையும் இதுவே. கருவி எதை ஊகிப்பது, எதை விடுவது? ஒன்றை ஊகிக்க அனுமதித்தால், அது தவறாக ஊகித்த நாளில் பழைய பைட்டுகள் நம்மிடம் இருக்காது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இமேஜின் எஸ்எச்ஏ-256 (கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) இரண்டு கணினியிலும் ஒன்றே. அப்போது பெயர்களும் சரிதானே?

இல்லை. இமேஜ் வழியில் கெடவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும். உருவாக்கும்போதே பெயர் கெட்டிருந்தால், கெட்ட பெயர் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. மூலத்திலும் மவுண்ட் செய்த இடத்திலும் பெயர்ப் பட்டியலைப் பைட்டாக எடுத்து ஒப்பிடுங்கள். வரி முறிவு உள்ள பெயர் வரிவாரிப் பட்டியலைக் குழப்பும், பெயர்களைச் சுழிய பைட்டால் பிரிக்கும், ஃபைண்ட் கட்டளையின் பிரிண்ட்0 தெரிவைப் பயன்படுத்துங்கள்.

அழித்த கோப்பை இமேஜிலிருந்து மீட்க முடியுமா?

அது தரவு மீட்பு, என் துறை இல்லை. அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாமல், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

???? வருகிறது, திரைப்பிடிப்பை இணைத்திருக்கிறேன்.

மூன்றாவது முறை. படத்தில் பைட் தெரியாது தம்பி, பெயரைப் பதினறும எண்களாக எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பெயரின் கடைசியில் புள்ளி உள்ள கோப்பு விண்டோஸில் திறக்கவில்லை.

வழக்கமான நிரல்கள் வழியாகப் போகும்போது கடைசிப் புள்ளியையும் இடைவெளியையும் விண்டோஸ் கழித்துவிட்டே தேடும், அதனால் கிடைக்காது. இமேஜில் தவறில்லை. லினக்ஸில் மவுண்ட் செய்து, வேறு பெயரில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.