காணாமல் போன மகளும் பொய் சொல்லாத அம்மாவும்

கேள்வி: முதல் நாவல் எழுதியிருக்கிறேன், உளவியல் த்ரில்லர். ஓர் அம்மா காலையில் கண் விழிக்கிறாள், நான்கு வயது மகளின் கட்டில் காலியாகக் கிடக்கிறது. போலீஸ், தேடல், அக்கம்பக்கத்தாரின் சந்தேகம் என்று 22 அத்தியாயங்களையும் அவளே சொல்கிறாள். மகள் இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டாள், அம்மாவின் மனம்தான் அதை ஏற்கவில்லை என்பது கடைசியில்தான் தெரியும். படித்த மூன்று தோழிகளில் இரண்டு பேர் 'ஏமாத்திட்டே' என்கிறார்கள். அதிர்ச்சிக்காகத்தானே இந்த மாதிரிக் கதையைப் படிக்கிறார்கள்? எங்கே சறுக்கினேன்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: தோழிகள் சொல்வது சரிதான். ஆனால் சறுக்கல் அவர்கள் நினைப்பதுபோல் கடைசி அத்தியாயத்தில் இல்லை, மூன்றாவதில் இருக்கிறது. முந்தின நாள் காலையைப் பற்றி அம்மா சொல்கிறாள்: "தலை பின்னிவிட்டேன். சிவப்பு ரிப்பன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள்."

அடம்பிடிக்க அங்கே யாரும் இல்லையே. 'அம்மா அப்படி நம்புகிறாள்' என்பீர்கள். அந்தச் சமாதானத்தை ஒருமுறை ஒப்புக்கொண்டால் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம், வாசகர் எதையும் கவனித்துப் படிக்க வேண்டியதில்லை. அதே இடத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: "சீப்பை எடுத்தேன். எந்த ரிப்பன் என்று கேட்டேன். வழக்கம்போல் சிவப்புதான்." முதல் வாசிப்பில் ஒரு குழந்தை அங்கே உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் வாசிப்பில், கேள்விக்குப் பதில் வரவேயில்லை என்பது உறைக்கிறது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தமிழில் எழுதுவது இதற்குப் பெரிய வசதி. நம் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்; 'சிரித்தாள்' என்றால் ஒருத்தி இருந்தே ஆக வேண்டும். ஆனால் வினையே இல்லாமலும் நமக்கு வாக்கியம் நிற்கும். 'அவளுக்கு இருட்டென்றால் பயம்.' இதில் காலம் எங்கே இருக்கிறது? இருப்பவளுக்கும் பொருந்தும், இல்லாதவளுக்கும் பொருந்தும். 'மழை பிடிக்கும்' என்பதில் வினை உண்டு, ஆனால் அது அவளைக் காட்டிக்கொடுக்காது. பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு, மகளை எழுவாயாக வைத்து முடியும் ஒவ்வொரு 'ஆள்' விகுதியையும் பென்சிலால் சுழியுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது என்றால் இருக்கட்டும், மற்றதெல்லாம் போக வேண்டும். அலுப்பான வேலைதான், ஒரு வாரம் ஆகும்.

அடுத்தது உங்கள் போலீஸ்காரர். 24 மணி நேரம் கழித்து வரச் சொல்கிறார். காணாமல் போனது குழந்தை என்றால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அமெரிக்காவில் அப்படிக் காத்திருக்கவைக்கக் கூடாது என்று 1990இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்தாலே குழந்தை இல்லை என்பது தெரிந்துவிடுமே? 22 அத்தியாயம் வரை அவருக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? தெரியட்டும், முதல் நாளே தெரியட்டும். அவள் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார், குரலைத் தாழ்த்துகிறார், 'வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?' என்று கேட்கிறார். இவள் மேல்தான் சந்தேகம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அது பரிதாபம் என்பது பிறகு புரியும்.

அக்கம்பக்கத்தார் சந்தேகிப்பதற்கு நீங்கள் தேடிப்பிடித்த காரணங்கள் (காப்பீட்டுப் பணம், பழைய காதலன்) தேவையே இல்லை. ஆஸ்திரேலியாவில் 1980 ஆகஸ்டில் லிண்டி சேம்பர்லைனின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா, உலுரு பாறைக்கு அருகே கூடாரத்திலிருந்து காணாமல் போனது. டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது என்றார் தாய். தொலைக்காட்சியில் அவர் ஊர் எதிர்பார்த்தபடி அழவில்லை. அது போதுமானதாக இருந்தது. 1982இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை. காரில் ரத்தம் என்று நிபுணர்கள் காட்டியதில் ஒரு பகுதி, சத்தத்தைக் குறைக்க வண்டியில் பூசும் பொருள் என்று பிறகு தெரிந்தது. குழந்தை ஒரு சின்ன மேல்சட்டை போட்டிருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார், யாரும் நம்பவில்லை. 1986இல் அந்தச் சட்டை கிடைத்தது. அவர் விடுதலையானார், 1988இல் தீர்ப்பு ரத்தானது, டிங்கோதான் என்று மரண விசாரணை அதிகாரி அறிவிக்க 2012 ஆனது. உங்கள் அம்மாவும் அழாமல் இருக்கட்டும், துணி மடிக்கட்டும். மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

அவள் நினைவு பிசகுவதை நம்பவைக்க மருந்துப் புட்டிகளும் வேண்டாம். நினைவை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வு, உங்கள் கதைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். சிறுவயதில் கடை வளாகத்தில் தொலைந்துபோனீர்கள் என்ற கற்பனைக் கதையை, உண்மையான மூன்று சம்பவங்களோடு கலந்து 24 பேரிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுதாகவோ கொஞ்சமோ 'ஞாபகம்' வந்தது. இவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல.

நோய் என்றதும் இன்னொன்று, இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். 'அவளுக்குப் பைத்தியம்' என்று முடியும் கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. உங்கள் நாவலில் அம்மா மகளின் உடலைப் பார்த்திருக்கிறாள், அடக்கமும் நடந்திருக்கிறது. அதன் பிறகும் மறந்தாள் என்றால் பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டிவரும். உடல் கிடைக்கவேயில்லை என்று மாற்றிப் பாருங்கள். ஆளும் இல்லை, மரணமும் உறுதி இல்லை என்கிற இந்த நிலையைத்தான் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் பெயரிட்டு ஆராயத் தொடங்கினார். அழுது முடிக்கவும் வழியில்லை, காத்திருப்பதை விடவும் வழியில்லை. அப்படிப்பட்டவள் இரண்டு வருடமாகத் தினமும் கட்டில் விரிப்பை மாற்றுகிறாள் என்றால் அதில் விபரீதம் எதுவும் இல்லை. ஒரு காலை அவளுக்கு அந்தப் பழைய காலையாகவே விடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பதினாறாம் அத்தியாயத்தில் அக்கா வரும் காட்சியை மட்டும் தொடாதீர்கள். கதவு திறந்ததும் அவள் குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், தங்கையின் கையில் இருக்கும் சின்னத் துண்டை மெல்ல வாங்கிக் கொடியில் போடுகிறாளே, அந்த இடத்தில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் மீதி ஆறு அத்தியாயத்தையும் படித்தேன்.