பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது: மறுபடியும் டிஸ்க் மாற்ற வேண்டுமா?

கேள்வி: நாங்கள் இருப்பது சென்னையில். கானாடுகாத்தான் வீட்டில் அப்பச்சியின் கார் நிற்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சிறிய பெட்ரோல் கார், வயது 7. ஊருக்கு வரும்போது மட்டும்தான் ஓட்டுவோம். 80 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, பெடலும் காலைத் தள்ளுகிறது. டிஸ்க் பெண்டாகிவிட்டது என்று சொல்லிப் போன வருஷம் முன் டிஸ்க் இரண்டையும் மாற்றினார்கள். கோயில், கல்யாணம் என்று மூவாயிரம் கி.மீ. போல நன்றாக ஓடியது. அப்புறம் லேசாக உதறத் தொடங்கியது. மழைக்காலம் முழுக்க நின்ற காரைப் பிள்ளையார் நோன்புக்கு வந்து எடுத்தால், உதறல் அதிகமாகியிருக்கிறது. இன்னொரு செட் டிஸ்க் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். புது டிஸ்க் போட்டதும் சரியாகி, சில ஆயிரம் கி.மீ. கழித்து உதறல் திரும்ப வந்தது என்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. உங்கள் காரில் குறை பெரும்பாலும் டிஸ்க்கில் பிறக்கவில்லை. டிஸ்க் போய் உட்காருகிற ஹப்பில் பிறக்கிறது. அதைப் பார்க்காமல் மூன்றாவது செட் போட்டாலும் இதே கதைதான்.

டிஸ்க் பெண்டாவது என்பது பட்டறைகளில் எல்லோரும் சொல்வது. சாதாரண ஓட்டத்தில் வார்ப்பிரும்பு டிஸ்க் அப்படி வளைந்துவிடாது. நடப்பது வேறு. டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போகிறது. ஓர் இடம் தடித்திருக்கும், எதிர்ப்பக்கம் மெலிந்திருக்கும். தடித்த இடம், டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம், அந்தப் பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியே பெடலுக்கு வந்து காலை உதைக்கும். உங்கள் அளவு காரில் 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 12 தடவை சுற்றும். நொடிக்கு 12 உதை என்றால் ஸ்டியரிங் எப்படிச் சும்மா இருக்கும்? இதற்குப் பெரிய வித்தியாசம்கூடத் தேவையில்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு இருந்தாலே பல கார்களில் கைக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்தும் நகத்தால் தடவியும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கனமாற்றம் எப்படி வருகிறது? ஹப்பின் முகத்தில் வருஷக்கணக்கில் துரு படிகிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துருவின் மேலேயே புதியதை மாட்டிவிடுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்கும்போது அடியில் ஒரு பொடிக்கல் சிக்கினால் கல் ஒரு பக்கம் தூக்கி நிற்குமே, அது மாதிரி டிஸ்க் நூலிழை சாய்ந்து உட்காரும். ஹப்பை விட டிஸ்க் அகலமானது என்பதால் நடுவில் இருக்கும் சிறு சாய்வு விளிம்பில் பெரிதாகிவிடும். அப்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே சுற்றும். ஆனால் அன்றைக்கே உதறாது, காலிப்பர் அந்த ஆட்டத்துக்கு ஏற்ப நகர்ந்து கொடுத்துவிடும். நீங்கள் பிரேக் மிதிக்காமல் ஓடுகிற நேரத்தில்தான் சேதம். ஆடும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசி உரசி அங்கே மட்டும் தேய்கிறது. சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அந்தத் தேய்மானம் உதறலாக வெளியே வருகிறது. அதற்குள் டிஸ்க் மாற்றிய பில்லே எங்கேயோ போயிருக்கும்.

நின்று கிடந்த காருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டிஸ்க் முழுவதும் செந்நிறமாகத் துருப்பிடிக்கும். வெளியே தெரிகிற துரு முதல் சில பிரேக்கிலேயே போய்விடும். பேடுக்கு அடியில் ஈரம் தேங்கி அரித்த இடம் மட்டும் பேடின் வடிவத்திலேயே தழும்பாக நிற்கும். காரை எடுத்த அன்றே உதறி, ஐம்பது நூறு கி.மீ. ஓடியதும் குறைந்துகொண்டே வந்தால் அது இந்தத் தழும்புதான். டிஸ்க்கைத் தொட வேண்டாம். உங்கள் காரில் நிற்பதற்கு முன்பே உதறல் தொடங்கிவிட்டதால் இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

பட்டறைக்குப் போகும் முன் நீங்களே சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். திருச்சி சாலையில் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து 80 வரை போய், பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். அப்போதும் ஸ்டியரிங் ஆடினால் பிரேக்கை விட்டுவிட்டு வீல் பேலன்சிங்கையும் டயரையும் பாருங்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயரின் அடிப்பக்கம் தட்டையாகி ஆட்டம் கொடுப்பதும் உண்டு. மிதித்தால் மட்டும் ஆடுகிறது, வேகம் குறையக் குறைய உதையும் மெதுவாகிறது என்றால் சந்தேகம் டிஸ்க் மேலோ டிரம் மேலோதான். சக்கர வேகத்தோடு சம்பந்தமே இல்லாமல் பெடல் படபடவென்று அடித்து, கரகரவென்று சத்தமும் வந்தால் அது ஏபிஎஸ், அதாவது பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. மணலிலோ சரளையிலோ அழுத்தி மிதித்தபோது வந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில் மெல்ல மிதித்து நிறுத்தப் போகும் கடைசி நொடியில் வந்தால், சக்கர சென்சாரிலோ அது படிக்கும் பல் வளையத்திலோ துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கலாம்.

ஸ்டியரிங் உதறினால் குறை முன்பக்கம், சீட்டும் பெடலும் மட்டும் துடித்தால் பின்பக்கம் என்பது பொதுவான வழக்கு. உறுதி செய்ய வேண்டுமானால் ஆளில்லாத பொட்டலில் 30 கி.மீ. வேகத்தில் போய், ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பாருங்கள். பொத்தானை விட்டுவிடக் கூடாது, விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். இழுக்கும்போது பிரேக் ஒரே சீராக இல்லாமல் விட்டு விட்டுப் பிடித்தால் பின் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. லீவர் உள்ள காருக்குத்தான் இந்தச் சோதனை. பட்டன் அழுத்தும் மின் ஹேண்ட்பிரேக்கில் முயல வேண்டாம்.

ஓடி வந்ததும் நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ அந்தச் சக்கரத்தின் பிரேக் இறுகியிருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பெடல் உள்ளே போகிறது, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வருகிறது என்றால் சோதனையெல்லாம் வேண்டாம். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது, நூலிழை ஆட்டத்தையும் அளந்து காட்டும் டயல் கேஜ் இருக்கிறதா என்பது. காரைக்குடியில் ஒரு பட்டறையில் இல்லை என்றால் இன்னொன்றில் கேளுங்கள். அது இல்லாமல் டிஸ்க்கைக் குறை சொல்கிறவரின் பேச்சுக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன். முதலில் வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை வாஷர் போட்டு நட்டால் இறுக்கி, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே கேஜை வைத்துச் சுற்ற வேண்டும். பக்க ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான கார்களுக்கு நல்லது. உங்கள் காருக்கான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

ஆட்டம் அதிகமாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். போல்ட்டைச் சுற்றியுள்ள மூலைகளில்தான் துரு ஒளிந்திருக்கும். மறுபடி மாட்டி அளந்து, அப்போதும் ஆட்டம் இருந்தால் டிஸ்க்கை ஒரு நட்டுத் துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம். பல நேரம் இதிலேயே ஆட்டம் குறைந்துவிடும். காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

ஆட்டம் சரியானாலும் ஏற்கெனவே தேய்ந்த இடம் தேய்ந்ததுதான். அதற்கு லேத்தில் கடைய வேண்டும். காரிலேயே மாட்டி வைத்துக் கடைகிற இயந்திரம் கிடைத்தால் நல்லது. கடைந்த பிறகு மிஞ்சும் கனம், டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தாக வேண்டும். ஓராண்டு ஓடிய உங்கள் டிஸ்க்கில் அதற்கு இடம் இருக்கும். இல்லையென்றால் புதியது வாங்குங்கள். கடைந்தாலும் மாற்றினாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள், பேடும் புதிதாகப் போடுங்கள். காலிப்பர் நழுவும் பின்களைத் துடைத்து அதற்குரிய கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றலாம் என்பார்கள். இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றுங்கள், ஆனால் உதறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சக்கரம் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஏர் கன்னால் ஒரு நட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், தேய்த்துச் சரிசெய்த டிஸ்க் மறுபடி சாய்ந்துவிடும். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு இந்த இறுக்கம் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். பங்சர் கடைக்கும் இதே விதிதான்.

புது பேடை உடனே அழுத்தி மிதிக்கக் கூடாது. 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை நிதானமாகக் குறைத்து, சிறிது தூரம் ஓடவிட்டு, மறுபடி குறைத்து, இப்படி எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். நடுவில் முழுதாக நிறுத்தி, மிதித்த காலை எடுக்காமல் நிற்காதீர்கள். சூடான பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு புதுத் தடிப்பாகிவிடும். கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் சில கி.மீ. ஓட்டி ஆறவிடுங்கள்.

இனி ஊரை விட்டுக் கிளம்பும்போது செய்ய வேண்டியது. காரைக் கழுவி ஈரத்தோடு ஷெட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறாதீர்கள். கழுவிய பின் தெருவில் ஒரு கி.மீ. ஓட்டி, நாலைந்து தடவை மெல்ல மிதித்து டிஸ்க்கை உலர்த்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு வைத்தால் பின் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஓட்டத் தெரிந்தால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பள்ளத்தூர் வரை போய்வரச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், சும்மா ஸ்டார்ட் செய்து வைப்பது பிரேக்குக்கு எந்த உதவியும் செய்யாது. ஆட்களைக் கூட்டி ஷெட்டிலேயே முன்னாலோ பின்னாலோ ஒரு முழம் தள்ளி, பேட் நிற்கிற இடத்தை மாற்றி, கட்டையைத் திரும்பக் கொடுத்தால் போதும்.