மாசியில் பூக்கடை: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான பாறசாலையில் சிறிய பூக்கடை நடத்துகிறேன். குமரி மாவட்டத் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து தினமும் பூ வருகிறது. தை முழுவதும் கல்யாண ஓட்டம். மாசி பிறந்ததும் வரத்து கூடி மல்லியும் பிச்சியும் மலிந்துவிடுகின்றன; வாங்க வருகிறவர்களோ குறைந்துவிடுகிறார்கள். போன ஆண்டு நிறையப் பூ குப்பைக்குப் போனது. பக்கத்துக் கடைக்காரரைப் போல ஜெர்பரா, லில்லியம் வாங்கி வைக்கலாமா? வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்தால் பலன் இருக்குமா?

பதில்: ஜெர்பராவைப் பிறகு பார்ப்போம். முதலில் கடைச் சுவரில் மூன்று நாள்காட்டிகளை மாட்டுங்கள்: தமிழ், மலையாளம், பக்கத்துப் பங்குத் தேவாலயத்தினுடையது. உங்கள் ஊரில் இந்த மூன்றில் ஒன்று ஓய்ந்திருக்கும் வாரத்தில் இன்னொன்று பூக் கேட்கும். தையில் முகூர்த்தக்காரர்கள் தேடி வந்தார்கள். மாசி பங்குனியில் அவர்கள் குறைந்துவிடுவார்கள். மீனத்தில் (நம் பங்குனி) மலையாளத்து இந்துக் கல்யாணங்கள் அருகிவிடும், பங்குனியில் நம்மவர்களிலும் பலர் கல்யாணம் வைப்பதில்லை, சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரையான தவக்காலத்தில் தேவாலயக் கல்யாணங்களும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே கல்யாணக் கணக்கில் பூ எடுத்தால் அது குப்பைக்குத்தான் போகும். இந்த இரண்டு மாதமும் அம்மன், சிவன், வீட்டு வாசல் ஆகியவற்றுக்கு உரியவை.

மாசியில் சிவராத்திரி. குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்குப் பக்தர்கள் ஓடிச் சென்று வணங்கும் சிவாலய ஓட்டம் நடக்கும். அந்த இரண்டு நாளும் வில்வமாலை, எருக்கமாலை, அரளி, தாமரை ஆகியவை போதும். மல்லியைப் பாதியாகக் குறையுங்கள். அதையொட்டி மண்டைக்காட்டு அம்மன் கோவிலில் மாசிக்கொடை, கும்ப மாதப் (நம் மாசி) பூர நாளில் திருவனந்தபுரம் ஆற்றுகால் கோவிலில் பெண்கள் வைக்கும் பொங்கல், மீன பரணியை ஒட்டிக் கொல்லங்கோட்டு அம்மன் கோவிலில் நேர்ச்சைக் குழந்தைகளை உயரே தூக்கிச் சுற்றும் தூக்கத் திருவிழா. 2009-இல் ஆற்றுகாலில் கூடிய பெண்களின் எண்ணிக்கை 25 லட்சம் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு உங்கள் ஊர் வழியாகவே ரயிலேறுகிறது. பொங்கலுக்குப் போகிறவர் விடியற்காலையில் கடை தேடி வரமாட்டார். முந்தின மாலையே வாங்கி வைத்துக்கொள்வார். அன்று மாலை ஐந்து மணிக்கு மல்லிச் சரம் முழம் முழமாக வெட்டி, வாழையிலையில் மடித்துத் தயாராக இருக்க வேண்டும். நார் நனைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ரயில் போய்விடும்.

அரளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2024 மே மாதம் முதல், தென் கேரளத்துக் கோவில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டின் கோவில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கக் கூடாது. அந்தச் செடி முழுவதும் நஞ்சு என்பதுதான் காரணம். கேரளத்துக் கோவில்களுக்குக் கொடுக்கும் அர்ச்சனைப் பூக் கூடையில் அரளிக்குப் பதிலாகத் தெச்சி (இட்லிப்பூ), துளசி, தாமரை என்று நிரப்புங்கள். மாலைக்கு அரளி வேண்டும் என்றால் அந்தக் கோவிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கட்டுங்கள். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை. தோவாளையின் பெருமையான மாணிக்கமாலையே அரளியை மடித்துக் கட்டுவதுதான்.

இனி மல்லி. நவம்பர் கடைசியில் கவாத்து செய்த குண்டுமல்லிச் செடி, வெயில் ஏற ஏறத்தான் மொட்டுத் தள்ளும். தையில் கிலோ ஆயிரங்களில் நின்ற பூ பங்குனியில் நூறுகளுக்கு இறங்குவது அதனால்தான். விலை இறங்கியதென்று கூடுதலாக அள்ளுவதுதான் பலருக்கும் வரும் ஆசை. கணக்கைப் பாருங்கள்: கிலோ 400 ரூபாய்க்கு 5 கிலோ எடுத்தால் 2,000 ரூபாய். ஒரு கிலோ வாடிப்போனால் விற்றது 4 கிலோ. உங்கள் உண்மையான அடக்கவிலை கிலோ 500. இரண்டு கிலோ போனால் 666-ஐத் தாண்டும். இதில் கட்டுக்கூலி சேரவில்லை. மலிவான மாதத்தில் லாபம் தருவது நீங்கள் வாங்காமல் விட்ட பூதான். விலையைக் குறைப்பதைவிட முழத்தை நெருக்கமாகக் கட்டிக் கொடுங்கள். தையில் இடைவெளி விட்டுக் கட்டியதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே தெரியும்.

மொட்டு இரவுக்குள் மலர்ந்துவிடும். மறுநாள் அதை விற்க முடியாது. காலையில் வந்ததும் கோணியைப் பிரித்து, சூடு ஆறும்வரை ஈரத் துணிமேல் மெல்லிய படுகையாகப் பரப்புங்கள். குவியலாகக் கிடந்தால் நடுவில் வெந்து பழுப்பேறும். பிறகு தெர்மாகோல் பெட்டி, அடியில் துணி சுற்றிய ஐஸ், மேலே வாழையிலை. ஐஸ் நேரடியாகப் படும் மொட்டு கறுத்துவிடும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஊற வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், எடை கூடுமே தவிர ஆயுள் கூடாது.

தேவாலயப் பக்கம் வாருங்கள். தவக்காலத்தில் கத்தோலிக்கர் பீடத்தைப் பூவால் அலங்கரிப்பதில்லை. நான்காம் ஞாயிறும், மார்ச் 19 சூசையப்பர் பெருவிழா போன்ற நாள்களும் விதிவிலக்கு. அந்த நாள்களை நாள்காட்டியில் வட்டமிட்டு, பங்குத் தந்தையையோ அலங்காரக் குழுவையோ ஒரு வாரம் முன்பே பாருங்கள். குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை. பிறகு ஈஸ்டருக்கு முந்தின இரவுத் திருவிழிப்பு வழிபாட்டுக்கு வெள்ளைப் பூ: சம்பங்கித் தண்டு, வெள்ளைச் செவ்வந்தி, லில்லியம். அதற்கடுத்த வாரங்களில் கல்யாணங்கள் வரிசை கட்டும். அந்தக் கல்யாண வீட்டார் பூக்கடையை முடிவு செய்வது தவக்காலத்திலேயே. ரீத் (இறுதி அஞ்சலி மலர்வளையம்) வேலை எல்லாக் காலத்திலும் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஜெர்பரா, லில்லியம் கேள்விக்கு இப்போது வருகிறேன். அட்வான்ஸ் வாங்கிய ஆர்டருக்கு மட்டும் எடுங்கள். பக்கத்துக் கடையில் நிற்பது வியாபாரமா அலங்காரமா என்று உங்களுக்குத் தெரியாது. ஜெர்பராவின் தண்டில் ரோமம் உண்டு. ஆழமான தண்ணீரில் நிறுத்தினால் அழுகும், நான்கு விரல் நீர் போதும். லில்லியம் விரிந்ததும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கல்யாணப் பெண்ணின் வெள்ளைப் புடவையில் மஞ்சள் கறை விழும், சண்டை உங்களோடுதான். இவற்றை வாழைக்குலை தொங்கும் கடை ஓரத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் வாயுவில் பூ சீக்கிரம் வதங்கும். தினம் வைத்து விற்க ஓசூரிலிருந்து வரும் நீளத் தண்டு ரோஜா நல்லது: பிப்ரவரி 14 கழிந்ததும் விலை இறங்கும், கட்டு வாங்கி ஒவ்வொன்றாக விற்கலாம்.

வாட்ஸ்அப் பலன் தரும், வாழ்த்துப் படங்களால் அல்ல. இரவு எட்டு மணிக்கு ஸ்டேட்டஸில் மூன்று வரி போதும்: நாளை என்ன விசேஷம், கடையில் என்ன பூ இருக்கும், எத்தனை மணிக்குள் சொன்னால் எடுத்து வைப்பீர்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். பூவின் படம் போடுவதானால் உங்கள் கடையில் அன்று கட்டியதை மட்டும் போடுங்கள். வந்த ஆர்டர்களைக் கூட்டிப் பார்த்த பிறகே தோவாளைக்குப் போன் செய்யுங்கள். வெள்ளிக்கிழமைக்கு ஒரு முழம், செவ்வாய்க்குத் துளசி மாலை என்று மாதக் கட்டணத்துக்கு வாங்கும் இருபது வீடுகள் அமைந்தால் கடை வாடகை கவலையில்லை.

கொன்றைப் பூவும் வெள்ளரியும் வைத்து மலையாளிகள் விடியலில் கணி காணும் விஷு ஏப்ரல் 14 அல்லது 15-இல் வரும். வெயில் கூடிய ஆண்டுகளில் கொன்றை முன்கூட்டியே பூத்து உதிர்ந்துவிடும், பிளாஸ்டிக் கொத்துகள் கடைக்கு வரும். அவற்றைத் தொங்கவிடாதீர்கள். மரம் நிற்கும் வீடுகளைப் பங்குனி நடுவிலேயே பார்த்துப் பேசி வைத்துக்கொண்டு, முந்தின நாள் மாலையில் கொய்து, பூவோடு கணிவெள்ளரியும் சேர்த்து ஒரே கட்டாகக் கொடுங்கள்.