மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது; இன்ஹேலரை நிறுத்தியது சரியா?

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம். ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இரவில் மூக்கு அடைத்துக்கொள்கிறது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து, இரண்டு மாதமாக இன்ஹேலரை எடுக்கவில்லை. சரிதானே?

பதில்: சரியில்லை. இன்றே உங்கள் மருத்துவரை அழைத்துப் பேசி, மீண்டும் தொடங்குங்கள். உறிஞ்சும் மருந்து பெரும்பாலும் மூச்சுக்குழாயிலேயே வேலை செய்கிறது. இரத்தத்தில் கலப்பது சொற்பம். கட்டுப்படாத ஆஸ்துமாதான் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கும். கர்ப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு ஆஸ்துமா தணிகிறது, ஒரு பங்குக்குக் கூடுகிறது, மற்றவர்களுக்கு அப்படியே இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

மாடிப்படி மூச்சுக்கு வருவோம். வயிறு நெஞ்சை அழுத்துவதால்தான் என்பது பாதி உண்மை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசை சுமார் 4 செ.மீ. மேலே ஏறுகிறது; ஆனால் விலா எலும்புகளும் விரிந்து இடம் கொடுக்கின்றன. வயிறு தெரியாத மூன்றாம் மாதத்திலேயே பலருக்கு இது தொடங்குவதற்குக் காரணம் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது மூளையின் சுவாச மையத்தைத் தூண்ட, ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் காற்று போகிறது. மூச்சின் எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை. தாயின் இரத்தத்தில் கரியமில வாயு குறைய, குழந்தையின் கரியமில வாயு எளிதாக இங்கே இறங்கிவிடுகிறது. அதாவது, நீங்கள் அதிகமாகவே மூச்சு விடுகிறீர்கள். அந்தக் கூடுதல் வேலைதான் 'மூச்சு போதவில்லை' என்று தோன்றுகிறது.

ஆனால் இந்த மூச்சு வாங்கல் விசிலடிக்காது. வீசிங், விடியற்காலை இருமல், நெஞ்சு இறுக்கம் இருந்தால் அது ஆஸ்துமா. வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் கருவி) இருந்தால் ஊதிப் பாருங்கள். கர்ப்பத்தால் மட்டும் அந்த அளவு பெரிதாக இறங்காது.

மூக்கடைப்பு, ஹார்மோன்களால் உள்சவ்வு வீங்குவதால் வருவது. பிரசவமான இரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். உப்புநீர் ஸ்ப்ரேயும் தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையும் உதவும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில நாட்களுக்கு மேல் போட்டால், அதை விட்டதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். புதிதாகக் குறட்டை தொடங்கியிருந்தால், அதைச் சொல்லி இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, உதடு நீலமாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.