வரப்போகும் சப்வேயை நம்பி வீடு எடுக்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

மார்க்கம் வீதியோரம் ஒரு நிலக்கீழ் அறையில் மனைவி பிள்ளையோடு இருப்பதாகவும், சப்வே என்ற நிலக்கீழ் ரயில் வரவிருக்கும் ஷெப்பர்ட்–மக்கோவன் சந்திக்கு அருகே புதிய மாடிக்கட்டடம் ஒன்றில் கூடிய வாடகைக்கு வீடு எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ரயிலுக்கு இவ்வளவு பணம் கொடுக்கும் அரசு சாதாரண சனத்துக்கு வீடு கட்ட ஏன் கொடுப்பதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். முப்பது வருடங்களாக ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருந்து பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒரே கேள்விதான்.

முதலில் ரயிலின் கதை. 1985 இல் ஓடத் தொடங்கி, ஆர்.ரி. என்று நாங்கள் அழைத்து வந்த சிறிய ரயில், கென்னடி நிலையத்தையும் ஸ்காபரோ நகர மையத்தையும் இணைத்தது. அதற்குப் பதிலாக ஏழு நிலையங்கள் கொண்ட இலகு ரயில் போட ஒன்ராறியோ மாகாண அரசு முழுப்பணமும் ஒதுக்கியிருந்தது. 2013 இல் நகரசபை அதைக் கைவிட்டு மூன்று நிலைய சப்வேயே வேண்டும் என்று வாக்களித்து, அதற்காகச் சொத்துவரியையும் 1.6 சதவீதம் கூட்டியது. 2016 இல் மூன்று நிலையம் ஒன்றாகச் சுருங்கியது. 2019 இல் மாகாண அரசு வேலையைத் தன் கையில் எடுத்து, 5.5 பில்லியன் டொலர் மதிப்பீட்டில் மீண்டும் மூன்றாக்கியது. இந்த இழுபறி முடிந்து புதிய பாதை திறக்கும் முன்னரே, 2023 ஜூலை 24 இல் ஆர்.ரி. தடம் புரண்டது. சிலர் காயமடைந்தனர், அந்த ரயில் அதன்பின் ஓடவே இல்லை. ஏழு நிலையத்தையும் இழந்து, மூன்று நிலையமும் வந்து சேராத நிலையில், சனம் பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிறது.

என் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். காலை ஐந்து மணிக்கு, ஜனவரிக் குளிரில், தரிப்பிடக் கண்ணாடியில் படிந்த பனியைக் கையுறையால் துடைத்துத் துடைத்து பஸ் வருகிறதா என்று பார்த்து நிற்பார். சில நாட்களில் நிரம்பிய பஸ் நிற்காமலே போய்விடும். புதிய பாதை அமைக்கப் பணம் தருவதில் அரசியல்வாதிகளுக்கு இருக்கும் ஆர்வம், ஓடுகிற பஸ்ஸைத் தொடர்ந்து ஓட்டப் பணம் தருவதில் இருப்பதில்லை. 1990களின் பிற்பகுதியில் மாகாணம், நகரத்தின் பஸ்ஸையும் சப்வேயையும் ஓட்டும் ரி.ரி.சி.யின் நடைமுறைச் செலவுக்கான உதவியை நிறுத்தியதும், அந்தச் சுமை பயணிகளின் கட்டணத்தின் மீதும் நகரத்தின் மீதும் விழுந்தது.

வீட்டு விடயத்திலும் நடந்தது அதுவே. மத்திய அரசு 1993 இல் குறைந்த வருமானக்காரருக்கான புதிய சமூக வீடுகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. 1995 இல் மாகாணமும் கைவிட்டது. பின்னர் ஏற்கெனவே இருந்த வீடுகளின் பொறுப்பையும் நகரங்களிடமே தள்ளியது. 2017 இல் மத்திய அரசு தேசிய வீட்டுத் திட்டத்தோடு திரும்பி வந்தாலும், இடையில் போன கால் நூற்றாண்டைத் திருப்பித் தர முடியவில்லை. வருமானத்தில் 30 சதவீதம் மட்டும் வாடகையாகக் கட்டும் வீடுகளுக்கு ரொறன்ரோவில் 80,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் காத்திருக்கின்றன. பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களை நானே அறிவேன். ஆனாலும் விண்ணப்பத்தை இன்றே போட்டு விடுங்கள், தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் வரிசையில் பின்னால் நிற்கும் மாதம்.

இப்போது நீங்கள் பார்த்த கட்டடத்துக்கு வருகிறேன். நிலையம் வரும் என்ற அறிவிப்பு வந்த நாளிலேயே சுற்றியுள்ள காணியின் விலை ஏறிவிடுகிறது. பொதுப்பணத்தில் உண்டான அந்த ஏற்றத்தில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடுகளாகத் திருப்பிக் கேட்கத்தான், நிலையங்களை அண்டி எழும் பெரிய கட்டடங்களுக்கு நகரசபை 2021 இல் விதி கொண்டுவந்தது. அப்படிக் கேட்கும் வீடுகள் ஒரு கட்டடத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மாகாணம் உச்சவரம்பு வைத்தது. அது மிகக் குறைவு என்பதே என் உறுதியான எண்ணம்.

அதைவிட உங்களை நேரடியாகத் தொடுவது வேறொன்று. 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு, மாகாணம் வருடந்தோறும் அறிவிக்கும் வாடகை உயர்வு வரம்பு செல்லாது. மூன்று மாத முன்னறிவிப்புடன் வருடத்துக்கு ஒருமுறை உரிமையாளர் விரும்பிய அளவு கூட்டலாம். என் மருமகன் குடும்பம் அப்படியொரு புதிய கட்டடத்தில் குடியிருந்து, இரண்டாம் வருடம் வந்த கடிதத்தில் மாதம் 400 டொலர் கூட்டியிருந்ததைப் பார்த்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நடுவருடத்தில் மாற்ற வேண்டி வந்தது. ஆகவே பழைய கட்டடமாகப் பார்த்து, இன்றைக்கு எந்த பஸ் எத்தனை நிமிடத்துக்கொருமுறை வருகிறது என்பதை நீங்களே காலையில் நின்று பார்த்து எடுங்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது வரை ரி.ரி.சி.யில் கட்டணம் இல்லை. கட்டணம் செலுத்தும் பிரெஸ்டோ அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரம் மாறி மாறி ஏறலாம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் நகரசபை தன் வரவுசெலவுத் திட்டம் குறித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். பேசுவதற்குக் குடியுரிமை வேண்டியதில்லை, முன்கூட்டிப் பெயர் பதிந்தால் போதும். சென்ற முறை என் மனைவி அந்தப் பஸ் தரிப்பிடத்தைப் பற்றித்தான் பேசினார். அடுத்த முறை நிலக்கீழ் அறையின் வாடகையைப் பற்றி நீங்கள் பேசுவதானால், பதிவு செய்யவும் கூட வரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.